நான்காவது கேமரா அரை டிகிரி திரும்பியிருந்தது

என் நடையைப் பதிவு செய்யும் நான்கு கேமராக்களின் கணக்கு எத்தனை பிக்சல் பிசகுகிறது என்று தினமும் காட்டும் அந்த எண் 0.6-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கோ கோளாறு. அன்று காலை நான்காவது கேமராவுக்கு நேரே 9 என்று காட்டியது. மற்ற மூன்றும் முந்தைய நாள் விட்ட இடத்திலேயே சமர்த்தாக நின்றன. நான் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. அன்றைய பதிவில் என் இடது முழங்கால் முந்தைய நாளைவிட 6 டிகிரி கூடுதலாக மடங்கியிருந்தது. ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்து, ஒவ்வொரு டிகிரிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரே இரவில் 6 டிகிரி என்பது லாட்டரி. அந்த வரைபடத்தைப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அனுப்பினேன். “நல்ல முன்னேற்றம்” என்று பதிலும் வந்தது. அடுத்த நாள் கேமராக்களை மறுபடி காலிப்ரேட் செய்தேன், அதாவது எது எங்கே நின்று எங்கே பார்க்கிறது என்று புதிதாகக் கணக்கிட்டேன். முழங்கால் பழையபடி முரண்டு பிடித்தது. முன்னேறியது என் கால் இல்லை.

எதற்கு நான்கு கேமரா, ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பார்க்கலாம். ஒரு கேமராவுக்கு முழங்கால் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது. இரண்டாவது கேமராவும் அதே முழங்காலைப் பார்த்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்கும். மூன்றாவதும் நான்காவதும் எதற்கென்றால், நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலை மறைத்துக்கொண்டே இருக்கும். அசைவைப் பதிவு செய்யும் பெரிய ஸ்டுடியோக்களில் உடலை ஒட்டிய உடையில் ஒளி திருப்பும் சின்னச் சின்னப் பந்துகளை ஒட்டி, லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் பொருத்திய கேமராக்களால் மில்லிமீட்டருக்கும் கீழே துல்லியம் பார்க்கிறார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஓபன்போஸ் நிரலை வெளியிட்டதிலிருந்து, பந்தும் உடையும் இல்லாமல் சாதாரண வீடியோவிலிருந்தே மூட்டுகளைப் பிடிப்பது வீட்டுக் கணினிக்கும் எட்டும் வேலையாகிவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் 500-க்கும் மேற்பட்ட கேமராக்களை உட்புறம் முழுக்கப் பொருத்திய ஒரு குவிமாட அறையே கட்டியிருக்கிறார்கள். என்னிடம் நான்கு. வீட்டுக் காவலுக்கென்று விற்கிற, இணையத்தோடு இணைகிற மலிவான ரகம்.

மலிவு என்பதால் அவற்றில் எனக்குத் தேவையில்லாத ஒன்றும் சேர்ந்தே வந்தது: தலையைத் திருப்பும் மோட்டார். உயரத்தில் மாட்டிவிட்டுக் கீழே நின்றபடியே சரியான கோணத்துக்குத் திருப்பலாமே, நல்லதுதானே என்று நினைத்தேன். ஒருமுறை திருப்பி வைத்த பிறகு அந்த மோட்டாரை மறந்தே போனேன்.

காலிப்ரேஷன் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. சதுரங்கக் கட்டம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றி வருவேன். கட்டங்களின் அளவு நிரலுக்குத் தெரியும். நான்கு படங்களிலும் கட்டங்களின் மூலைகள் எங்கெங்கே விழுகின்றன என்பதை வைத்து, ஒவ்வொரு லென்ஸும் படத்தை எப்படி வளைக்கிறது, ஒவ்வொரு கேமராவும் அறையில் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அது கணக்கிட்டுவிடும். கணினி ஆய்வாளர் செங்யூ ஜாங் 2000-இல் வெளியிட்ட வழிமுறையைத்தான் இன்றும் பல நிரல்கள் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. கணக்கு முடிந்ததும் நிரல் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: நான் கண்டுபிடித்த இந்தப் புள்ளி உண்மை என்றால், நான்காவது கேமராவின் படத்தில் அது எந்தப் பிக்சலில் விழுந்திருக்க வேண்டும், உண்மையில் எங்கே விழுந்திருக்கிறது? அந்த இடைவெளிதான் நான் தினமும் பார்க்கும் எண். என் லென்ஸுக்கு ஒரு டிகிரி என்பது சுமார் 20 பிக்சல். 9 பிக்சல் என்றால் அரை டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. கேமராவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியாத திருப்பம். ஆனால் 3 மீட்டர் தள்ளி நடக்கும் காலில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல். மருத்துவரிடம் பெருமையடித்துக்கொள்ள அது போதும்.

யார் தொட்டது?

முதல் சந்தேகம் அம்மா மேல். அலமாரியைத் துடைக்கும்போது தட்டியிருப்பார் என்று நினைத்தேன். “அதை நான் ஏன்டி தொடப்போறேன், அது பார்க்குற பார்வையே எனக்குப் பிடிக்கல” என்றார். அந்தப் பதிலுக்கு அப்போது சிரித்தேன். இரண்டாவது சந்தேகம் வெப்பம். பிளாஸ்டிக் தாங்கி பகலில் விரிந்து இரவில் சுருங்கும். மூன்றாவது, அலமாரியின் பலகை பாரத்தில் வளைகிறதோ என்பது. புத்தகங்களை இறக்கினேன், தாங்கியை மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன். சில நாட்கள் 0.6. பிறகு ஒரு காலை 7. மறுபடி காலிப்ரேஷன். ஒரு வாரம் ஒழுங்கு. பிறகு 11. ஒவ்வொரு முறையும் நான்காவது கேமரா மட்டும், ஒவ்வொரு முறையும் இரவுக்கும் காலைக்கும் நடுவில்.

நேரத்தைப் பற்றிய தொல்லை அப்போது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1878-இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் படம் பிடிக்க 12 கேமராக்களை வரிசையாக வைத்து, பாதையின் குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டினார். குதிரையின் கால் பட்டுக் கம்பி இழுபடும்போது அந்தந்தக் கேமராவின் ஷட்டர் திறக்கும். எந்தக் கேமரா எந்தக் கணத்தில் பார்க்க வேண்டும் என்பதைக் குதிரையே முடிவு செய்தது. இன்றைய ஸ்டுடியோக்களில் ஒரே துடிப்பைக் கம்பி வழியாக எல்லாக் கேமராக்களுக்கும் அனுப்பி, எல்லாக் கண்களையும் ஒரே நேரத்தில் திறக்க வைக்கிறார்கள். என் கேமராக்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி பார்த்து, தன் இஷ்டத்துக்கு வீடியோவைச் சுருக்கி, தன் வசதிப்படி தாமதித்து அனுப்பும். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவிநாடி இடைவெளி. காலை வீசி எடுத்து வைக்கும்போது பாதம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு படம் தவறுவது 10 சென்டிமீட்டர் தவறுவதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒருமுறை கை தட்டுவேன், அந்தக் கணத்தை வைத்து நான்கு வீடியோக்களையும் ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளலாம். அதோடு, கேமராக்களின் கடிகாரங்கள் இணையத்தில் உள்ள நேர சர்வர்களைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளட்டும் என்று நான்கையும் வீட்டு ரவுட்டரிலேயே விட்டு வைத்திருந்தேன். நேரம் கேட்கப் போன பிள்ளைகள் கதவைத் திறந்து போட்டுவிட்டு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மோட்டார் கேமராக்கள் மின்சாரம் போய் வந்தால் தலையை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பித் தன் எல்லையைத் தேடிவிட்டு, பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்து நிற்கும். அந்த ‘ஏறக்குறைய’தான் என் வில்லன் என்று ஒரு நாள் பிடித்துவிட்டதாக நினைத்தேன். இரவில் மின்சாரம் ஒரு நொடி போயிருக்கும், அவ்வளவுதான். நிம்மதியோடு கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். 19 நாள். நடுவில் அது அணையவே இல்லை.

11 விநாடி

பல கேமரா வைத்து அசைவைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒவ்வொரு கேமராவின் பார்வையிலும் எதிர்க்கேமரா தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் எதிரிலிருந்து வரும் ஒளி தொந்தரவு. என் அறை சின்னது. இரண்டாவது கேமராவின் படத்தில், வலது மேல் மூலையில், அலமாரி மேல் நான்காவது கேமரா எப்போதும் தெரியும். குறை என்று நினைத்த அதுதான் கடைசியில் உதவியது. இரண்டாவது கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு இருந்தது. வாங்கும்போதே போட்டது. ஏதாவது அசைந்தால் தானாகப் பதிவு செய்யும் வசதியை நான் அணைக்காமல் விட்டிருந்தேன். அந்தக் கார்டை எடுத்துக் கணினியில் சொருகி, எண் 11-க்குத் தாவிய இரவைத் தேடினேன்.

இரவு 2 மணி கழிந்த நேரம். கோப்பின் நீளம் 11 விநாடி. அகச்சிவப்பில் பதிவானதால் அறை சாம்பல் நிறத்தில் இருக்கிறது. யாரும் இல்லை. எதிர்ச் சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம், அது நான்காவது கேமராவின் சொந்த விளக்குகளின் வெளிச்சம், நம் கண்ணுக்குத் தெரியாதது. அந்த வட்டம் மெல்ல நகர ஆரம்பிக்கிறது. சுவரிலிருந்து திரைச்சீலைக்கு, திரைச்சீலையிலிருந்து அம்மா படுக்கும் அறையின் கதவுக்கு. அங்கே நிற்கிறது. அலமாரி மேல் நான்காவது கேமராவின் தலை திரும்பியிருக்கிறது. நாலைந்து விநாடி அப்படியே. பிறகு தலை திரும்பி வருகிறது. சற்றுத் தாண்டிப் போய், நின்று, கொஞ்சம் பின்வாங்கி, பழைய இடத்தில் நிற்கிறது. பழைய இடத்தில் என்று கண்ணுக்குத் தெரிகிறது. 11 பிக்சல் தள்ளி என்று எனக்குத் தெரியும்.

கதவைப் பார்த்ததை என்னால் ஏதோ ஒரு வகையில் ஜீரணிக்க முடிந்தது. திருப்பி வைத்ததைத்தான் முடியவில்லை. தாண்டிப் போய்ப் பின்வாங்கிய அந்த அசைவு இருக்கிறதே, அது எந்திரத்தின் அசைவு இல்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, முன்பு எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்து, சந்தேகம் வராதபடி சரிசெய்திருக்கிறார். விருந்தாளி எழுந்து போகும்போது நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைப்பது போல. அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். கை பதறி, கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டேன். உள்ளே யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவு ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அதோடு போயிற்று. இப்படி ஒன்று நடந்தால் முதலில் இணைப்பைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் சொல்லி வைக்கிறேன்.

வழி மட்டும் தெரிந்தது. ரவுட்டரின் பட்டியலில், நான் திறக்காத ஒரு போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல், நான்காவது கேமராவின் பெயரில் வெளியுலகுக்குத் திறந்திருந்தது. திறக்கச் சொல்லிக் கேட்டது கேமராவேதான். வீட்டுக் கருவிகள் ரவுட்டரிடம் தாங்களே கேட்டு வழி திறந்துகொள்ள யூபிஎன்பி என்று ஒரு ஏற்பாடு உண்டு. என் ரவுட்டரில் அது இயங்கிக்கொண்டிருந்தது. சரி, கடவுச்சொல்? செயலியின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றியிருந்தேன், நீளமானது, நல்லது. ஆனால் பிற நிரல்கள் பேசுவதற்காகக் கேமராவுக்குள் ஆன்விஃப் கணக்கு என்று இன்னொன்று தனியாக இருப்பது, கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதன் கடவுச்சொல் அதே பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வீடியோவைக் கேட்பது, மோட்டாரைத் திருப்பச் சொல்வது, இரண்டுக்கும் அந்த ஒரு கணக்கு போதும். மற்ற மூன்று கேமராக்களிலும் அதே கடவுச்சொல்தான். ஏனோ ரவுட்டரில் வழி கேட்டு வாங்கியது இது ஒன்று மட்டும்.

கண் வேண்டாதவர்கள், கண் மட்டும் வேண்டியவர்கள்

இணையக் கேமராக்களின் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் சொல்வது மிராய் கதை. 2016-இல் அந்த நிரல் இணையம் முழுக்க அலைந்து, 60 சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. எல்லாம் தயாரிப்பாளர்கள் போட்டு அனுப்பிய, யாரும் மாற்றாத கடவுச்சொற்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சர்வர்களை அந்தக் கருவிப் படை தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் இருபதுகளைத் தாண்டாத மூன்று பேர். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு இடையிலான போட்டிதான் அவர்களை அந்தத் தொழிலுக்குள் இழுத்தது என்பது வேறு கதை. எனக்கு முக்கியம் என்னவென்றால், மிராய்க்குக் கேமராவின் கண் வேண்டியதே இல்லை. அதன் இணைய இணைப்பும் சின்ன மூளையும் போதும். கேமரா எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு ரகம் உண்டு. 2014-இல் இன்செகாம் என்ற தளம், கடவுச்சொல் மாற்றாத பல்லாயிரம் கேமராக்களின் நேரடிக் காட்சியை நாடு வாரியாகப் பிரித்துக் கடை பரப்பியது. 2021 மார்ச்சில், பாதுகாப்புக் கேமரா விற்கும் வெர்காடா நிறுவனத்தின் மேலாண்மைக் கணக்கு ஒன்று வெளியே கசிந்து, மருத்துவமனைகள், சிறைகள், தொழிற்சாலைகள் என்று ஏறத்தாழ 1,50,000 கேமராக்கள் அந்நியர் கைக்குப் போயின. அங்கே தனித்தனிக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலையே இல்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இப்படிப்பட்ட கருவிகளை விற்பதற்குச் சட்டப்படி தடை. நல்ல சட்டம். ஆனால் இப்படிப்பட்ட சட்டம் என் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் எட்டியிருக்குமா என்று நினைத்துப் பார்ப்பேன்.

இவற்றையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. படித்தும், என் அறையில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நொண்டிப் பெண் முன்னும் பின்னும் நடக்கிறாள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

புள்ளிகளில் அம்மா

எனக்கு இன்னொரு நிம்மதியும் இருந்தது. வீடியோவை நான் சேமித்து வைப்பதில்லை. மூட்டுகளைப் பிரித்தெடுத்ததும் வீடியோவை அழித்துவிட்டு, 17 புள்ளிகளின் நடமாட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வேன். முகம் இல்லை, உடை இல்லை, அறை இல்லை. இணைப்பு தெரிந்த யாரும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறையில் அவற்றைப் போட்டு, பிசியோதெரபிஸ்ட்டுக்கும் தம்பிக்கும் அனுப்பி வைத்திருந்தேன். கேமரா விஷயத்தைச் சொல்லித் தம்பியிடம் புலம்பியபோது அவன் அந்தக் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். “அக்கா, இந்தப் பதினாலாம் தேதிப் பதிவுல நடுவுல அம்மா வந்துட்டாங்களா?” என்றான்.

வந்திருந்தார். எதையோ எடுக்க அறையைக் குறுக்கே கடந்திருக்கிறார். திரையில் இருந்தது 17 புள்ளிகளும் அவற்றை இணைக்கும் குச்சிகளும்தான். ஆனால் வலது தோள் சற்று முன்னால், இடது கை அசையாமல் இடுப்போடு, ஒவ்வொரு எட்டுக்கும் தலை லேசாக ஆடியபடி அம்மா போகிறார். வேறு யாராகவும் இருக்க முடியாது.

இது புதிதும் இல்லை. 1973-இல் சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், இருட்டில் நடப்பவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை வைத்துப் படம் பிடித்துக் காட்டினார். நின்றால் வெறும் புள்ளிக்கூட்டம், நடந்தால் கண நேரத்தில் மனிதன். 1977-இல் கட்டிங், கொஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் அதே வித்தையை நண்பர்கள் கூட்டத்தில் செய்து பார்த்தார்கள். புள்ளிகளை மட்டும் பார்த்து இது இன்னார் என்று சொன்னவர்கள், குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். மனிதக் கண்ணுக்கே அவ்வளவு என்றால் எந்திரத்துக்குக் கேட்க வேண்டாம். 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் பீட் சேபர் என்ற மெய்நிகர் விளையாட்டை ஆடிய 55,541 பேரின் அசைவுகளை எடுத்துக்கொண்டார்கள். தலை, இரண்டு கைகள், அவ்வளவுதான், மூன்றே புள்ளிகள். 100 விநாடி அசைவைக் கொடுத்தால் அத்தனை பேரில் இவர் யார் என்று 94 சதவீதம் சரியாகச் சொல்லியது அவர்கள் நிரல். நான் முகத்தை அழித்துவிட்டு நடையை வெளியே வைத்திருந்தேன். முகத்தையாவது முகமூடி போட்டு மறைக்கலாம், நடையை எதைப் போட்டு மறைப்பது?

அந்த 14-ஆம் தேதிக் கோப்பில் இன்னொன்றும் இருந்தது: காலிப்ரேஷன். நான்கு கேமராக்களும் அறையில் எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் பார்க்கின்றன, எது எவருடைய பார்வைக்கும் வராத மூலை என்பது வரை மில்லிமீட்டரில். அந்நியர் ஒருவருக்கு என் வீட்டின் படம் கிடைத்தால் அது படம். இதுவும் சேர்ந்து கிடைத்தால் அது வரைபடம். நானே அளந்து, நானே சரிபார்த்து, 0.6 பிக்சல் பிழையோடு தயாரித்துக் கொடுத்தது.

இப்போது கேமராக்கள் தனி வலையில் இருக்கின்றன, வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. நேரம் வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ள பழைய கணினியைக் கேட்டுக்கொள்ளும். யூபிஎன்பியை அணைத்தாயிற்று. கோப்புறையையும் மூடிவிட்டேன். நான்கு கேமராக்களையும் கழற்றி மோட்டாருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிவிட்டேன், அந்த ஒரு வேலையில் மட்டும் அலாதித் திருப்தி. சுவரில் மூன்று இடங்களில் கறுப்பு-வெள்ளைக் கட்டச் சீட்டுகளை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கேமராவின் பார்வையிலும் அவற்றில் ஒன்றாவது விழும். அவை நேற்று விழுந்த பிக்சலிலேயே இன்றும் விழுகின்றனவா என்று நிரல் காலையில் ஒருமுறை பார்த்துச் சொல்லும். அசைவைப் பதிவு செய்கிறவர்கள் எப்படியும் செய்ய வேண்டிய சோதனை அது. நான் இப்போது நடையைப் பதிவு செய்யாத நாட்களிலும் செய்கிறேன். அம்மா நான்காவது கேமரா மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு வைத்திருக்கிறார். பதிவு செய்யும்போது எடுப்பேன், முடிந்ததும் மறுபடி போட்டுவிடுவார். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

அந்த 11 விநாடிக் கோப்பை மட்டும் நான் அழிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி, என்ன தோன்றியதோ, அதையும் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் நிரலில் போட்டுப் பார்த்தேன். வெளிச்ச வட்டம் நகர்கிறது, கதவில் நிற்கிறது, திரும்பி வருகிறது. நிரல் 330 படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி முடித்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியது. கண்டறியப்பட்ட மனிதர்கள்: 0.